பேவ்மெண்ட்: ஐந்து மறுபதிப்புகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

அமெரிக்க ராக் குழுவான பேவ்மெண்டின் ஐந்து ஆல்பங்களையும் மேட்டடார் என்ற இசைத்தட்டு நிறுவனம் மிச்சம்மீதிப் பாட்டுகளைச் சேர்த்து மறுபடி வெளியிட்டிருக்கிறது. முதல் நான்கும் 2002, 2004, 2006, 2008 என்று இரண்டு வருடத்துக்கு ஒன்றாக இரட்டை சிடிகளாக வந்தன. ஐந்தாவது 2022 வரை இழுத்தடித்தது. ஐந்தும் வேண்டுமா என்றால், வேண்டாம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 2004இல் வந்த 'க்ரூக்கட் ரெயின், க்ரூக்கட் ரெயின்' பதிப்பு. இன்னொன்றுக்கும் இருந்தால் 2002இன் 'ஸ்லாண்டட் அண்ட் என்சாண்டட்'. இந்த வரிசையைச் சொன்னாலே பழைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு முதல் ஆல்பம்தான் வேதம். பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் மறுபதிப்புக்குக் கொடுக்கிற காசு கூடவே வருகிற சரக்குக்கு. அதில் 2004 பதிப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தொண்ணூறுகளில் இந்தக் குழுவுக்கு 'சோம்பேறிகள்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. சுருதி நழுவுகிற கிட்டார், பாதி முணுமுணுப்பாகப் பாட்டு, முடியும்போது யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல ஒரு முடிவு. பத்திரிகைகள் அதையே திரும்பத் திரும்ப எழுதின. அவர்களும் மறுக்கவில்லை, அந்தப் பெயர் விற்பனைக்கு உதவியது. இந்த மறுபதிப்புகளின் இரண்டாவது தட்டுகளைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கிறது. எதைப் பதிவு செய்தார்கள், எதை ஒதுக்கினார்கள், எந்தப் பாட்டை ஒன்றரை வருடம் கிடப்பில் வைத்து எந்த ஆல்பத்தில் நுழைத்தார்கள் என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகிறது. இவ்வளவு யோசித்து வேலை பார்க்கிறவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள்.

முதலில் 'ஸ்லாண்டட்'. கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் இருக்கிற ஸ்டாக்டன்தான் ஊர். குழுவைத் தொடங்கிய ஸ்டீபன் மால்க்மஸும் ஸ்காட் கேன்பர்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். 1989 ஜனவரியில் கேரி யங் என்பவர் வீட்டிலேயே நடத்திவந்த ஸ்டுடியோவில் ஐந்து பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. ஸ்டுடியோக்காரரே உட்கார்ந்து வாசித்துவிட்டார். யங் இவர்களைவிடப் பன்னிரண்டு, பதிமூன்று வயது பெரியவர், எழுபதுகளின் ப்ராக்ரஸிவ் ராக்கில் ஊறியவர். அந்த ஐந்து பாட்டும் 'ஸ்லே ட்ராக்ஸ்' என்ற ஏழு அங்குலத் தட்டாக, கேன்பர்கின் சொந்த லேபிளான ட்ரெபிள் கிக்கரில், ஆயிரம் பிரதி மட்டும் அச்சாகி வந்தது. உறையில் இவர்கள் பெயர்கூட ஒழுங்காக இல்லை: மால்க்மஸ் 'எஸ்.எம்.', கேன்பர்க் 'ஸ்பைரல் ஸ்டேர்ஸ்'. அடுத்த வருடமே இங்கிலாந்தின் வெட்டிங் ப்ரெசண்ட் குழு அதிலிருந்து 'பாக்ஸ் எல்டர்' பாட்டை எடுத்துத் தன் சிங்கிள் ஒன்றின் பின்பக்கத்தில் பாடியது. ஆயிரமே பிரதி போட்ட தட்டு கடல் தாண்டிப் போன லட்சணம் இது.

இந்த 'ஸ்லே ட்ராக்ஸ்' மூலப் பிரதியைத் தேடி அலைய வேண்டாம். அதுவும் அதற்குப் பிறகு டிராக் சிட்டி நிறுவனத்தில் வந்த இரண்டு சிறு தட்டுகளும் 'சம்மர் பேப்' சிங்கிளும் இன்னும் இரண்டு உதிரிப் பாட்டுகளும் சேர்ந்து, 1993இல் 'வெஸ்டிங்' என்ற ஒரே தொகுப்பாக, இருபத்து மூன்று பாட்டுகளோடு வந்துவிட்டன. மேட்டடாரின் 2002 பதிப்பில் 'ஸ்லே ட்ராக்ஸ்' பாட்டுகளின் மூலப்பதிவுகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'முழுத் தொகுப்பு என்றார்களே, பாக்ஸ் எல்டரின் ஸ்டுடியோ வடிவம் எங்கே' என்று கேட்பவர்கள் உண்டு. 2002 பதிப்பில் அது கச்சேரி வடிவத்தில் மட்டும் இருக்கிறது.

ஆல்பத்துக்கு வருவோம். 1990 டிசம்பரிலும் 1991 ஜனவரியிலும் அதே யங் ஸ்டுடியோவில் பதிவானது. கடைக்கு வந்தது 1992 ஏப்ரலில். நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் கேசட் நகல்கள் கைமாறிக்கொண்டிருந்தன. விமர்சகர்கள் பலர் கேசட்டில் கேட்டே எழுதிவிட்டார்கள். தலைப்பு கவிஞரும் நண்பருமான டேவிட் பெர்மன் வரைந்த ஒரு கேலிச்சித்திரத்திலிருந்து வந்தது. உறைப்படம் இன்னும் வேடிக்கை: ஃபெர்ரான்டே அண்ட் டெய்ச்சர் என்ற பியானோ ஜோடியின் பழைய இசைத்தட்டு உறை ஒன்றின் மேலேயே கிறுக்கி வைத்திருக்கிறார்கள்.

பதினான்கு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள். பதிவின்போது பேஸ் கிட்டாருக்கென்று குழுவில் ஆளே கிடையாது. மார்க் ஐபோல்ட் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். அதனால் ஒலியின் அடிப்பாகம் மெலிந்து, கிட்டாரின் நடுப்பகுதியும் சிம்பலும் முன்னுக்கு வந்து நிற்கும். இதைச் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு 'காது கூசுகிறது' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே மேல்ஸ்தாயியைத் தூக்கிக் காட்டும். ஈக்வலைசரில் 'ராக்' என்று இருக்கும் அமைப்பு அதை இன்னும் தூக்கும். அதை அணைத்துவிட்டு, ஹெட்போனில் மிதமான ஒலியில் 'சம்மர் பேப்' கேளுங்கள். ரீமாஸ்டர் செய்தும் அந்த இரைச்சல் போகவில்லையே என்று குறைப்படுபவர்களுக்கு: போகாது, அது நாடாவிலேயே பதிந்தது. போகாததும் நல்லது.

கேரி யங்கின் டிரம்ஸ்தான் இந்தத் தட்டின் உயிர். 'இன் த மவுத் எ டெசர்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். பாட்டை அடுத்த கட்டத்துக்கு இழுத்துப் போவது டாம் என்கிற ஆழ்ந்த ஒலி டிரம்களில் அவர் உருட்டுகிற உருட்டல். தாளத்தை மட்டும் காத்துக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டிய இடத்திலும் அவர் சும்மா இருக்க மாட்டார். ஒழுங்கான டிரம்மர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த இடங்களில் ஒழுங்கான டிரம்மரை உட்கார வைத்திருந்தால் பாட்டு படுத்துவிட்டிருக்கும். 'கண்டூயிட் ஃபார் சேல்' மட்டும் இங்கிலாந்தின் த ஃபால் குழுவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கடன்பட்டிருக்கிறது. அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டின் மீது மதிப்பு குறையத்தான் செய்யும்.

2002 பதிப்பின் மொத்தக் கணக்கு நாற்பத்தெட்டு பாட்டு. முதல் தட்டில் ஆல்பமும், அதே பதிவில் ஒதுக்கியவையும், பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக 1992இல் வாசித்த நான்கு பாட்டுகளும். இரண்டாவது தட்டு 'வாட்டரி, டொமெஸ்டிக்' என்ற நான்கு பாட்டுத் தட்டில் தொடங்குகிறது. இந்த நான்கும் ஆல்பத்துக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. 'ஃப்ரண்ட்வர்ட்ஸ்' ஒன்றுக்காகவே இந்தப் பதிப்பை வாங்கலாம். பிறகு இரண்டாவது பீல் பதிவு. கடைசியில் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் 1992 டிசம்பர் 14 அன்று நடந்த கச்சேரி. அதன் ஒலி சுமார்தான். ஆனாலும் யங் குழுவில் இருந்த காலத்தில் மேடையில் எப்படி இருந்தது என்பதற்கு முறையாக வெளியான பதிவு கிடைப்பது பெரிய விஷயம். யங் தலைகீழாக நின்று வித்தை காட்டுவார், வாசலில் நின்று ரசிகர்களுக்கு முட்டைக்கோஸ் கொடுப்பார். அதெல்லாம் சிடியில் தெரியாது. தாளம் எங்கே ஓடுகிறது, மற்றவர்கள் எங்கே துரத்திப் பிடிக்கிறார்கள் என்பது நன்றாகவே கேட்கும். பாப் நஸ்டனோவிச்சை இரண்டாவது தாளக்காரராகச் சேர்த்ததற்கு ஒரு காரணமே யங் தடுமாறும்போது தாளத்தைப் பிடித்து நிறுத்த ஒருவர் வேண்டும் என்பதுதான்.

கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மால்க்மஸின் கோர்டுகளை வழக்கமான டியூனிங்கில் தேடினால் விரல் சுளுக்கிக்கொள்ளும். அவருக்குப் பிடித்த டியூனிங்குகளில் ஒன்று, தடித்த நரம்பிலிருந்து சொன்னால், சி-ஜி-டி-ஜி-பி-இ. ஆறாவது நரம்பை இயிலிருந்து நான்கு அரைச்சுரம் இறக்கி சிக்கும், ஐந்தாவதை ஏயிலிருந்து இரண்டு அரைச்சுரம் இறக்கி ஜிக்கும் கொண்டுவர வேண்டும். மற்ற நான்கையும் தொடவே வேண்டாம். ஆறாவது நரம்பு 0.046 அங்குலம் உள்ள சாதாரண செட் என்றால் சிக்கு இறங்கியதும் தொளதொளத்துப் போய், ஓங்கி மீட்டும் ஒவ்வொரு முறையும் சுருதி ஏறி இறங்கும், ஃப்ரெட்டிலும் இரையும். 0.052 அல்லது அதற்கும் தடித்த நரம்பு போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி இந்தக் குழுவின் ஒலியே அதுதான் என்று விட்டுவிட வேண்டியது.

இப்போது 2004 பதிப்பு. 1993இல் அடுத்த ஆல்பத்துக்காக மறுபடியும் ஸ்டாக்டனில், யங்கின் ஸ்டுடியோவிலேயே பதிவைத் தொடங்கினார்கள். அது தேறவில்லை. அந்த வருடமே யங் விலகினார். மால்க்மஸ் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் காவலாளியாக வேலை பார்த்தபோது உடன் வேலை பார்த்த ஸ்டீவ் வெஸ்ட் டிரம்ஸுக்கு வந்தார். ஆல்பத்தை நியூயார்க்கில் வைத்து முதலிலிருந்து பதிவு செய்தார்கள். 1994 பிப்ரவரியில் வெளியான 'க்ரூக்கட் ரெயின், க்ரூக்கட் ரெயின்' அதுதான். கைவிட்ட ஸ்டாக்டன் பதிவு பத்து வருடம் கழித்து இந்தப் பதிப்பின் இரண்டாவது தட்டில், முதல் எட்டுப் பாட்டுகளாக வந்திருக்கிறது.

இங்கேதான் உட்கார்ந்து கேட்க வேண்டும். 'ரேஞ்ச் லைஃப்', 'ஸ்டாப் ப்ரீதின்' இரண்டும் இரண்டு வடிவத்திலும் இருக்கின்றன. ஸ்டாக்டன் வடிவத்தை முதலில் போட்டு, உடனே முதல் தட்டின் வடிவத்தைப் போடுங்கள். யங் முட்டித் தள்ளுகிற இடத்தில் வெஸ்ட் ஒரு மயிரிழை பின்தங்கி வாசிக்கிறார். அந்தப் பின்தங்கல்தான் இந்த ஆல்பத்துக்குச் சாய்வு நாற்காலிச் சுகத்தைக் கொடுக்கிறது. பாட்டு எழுதும் கை அதேதான், கிட்டாரும் அதேதான். டிரம்மர் மாறியதும் குழுவே மாறிவிட்டது. 'எல் எஸ் டூ' என்ற பாட்டையும் விட்டுவிடாதீர்கள். முதல் ஆல்பத்தின் 'லோரெட்டாஸ் ஸ்கார்ஸ்' பாட்டின் இரண்டாம் பாகம் என்ற கணக்கில் வைத்த தற்காலிகப் பெயர் அது. ஆல்பத்தில் 'எலிவேட் மீ லேட்டர்' ஆனது.

அதைவிடச் சுவாரசியம், இதே இரண்டாவது தட்டில் 'க்ரவுண்டட்', 'கெனல் டிஸ்ட்ரிக்ட்', 'பியூப்லோ', 'ஃப்ளக்ஸ் ஈக்வல்ஸ் ராட்' ஆகியவற்றின் ஆரம்ப வடிவங்கள் இருக்கின்றன. நான்கும் 1995இன் 'வாவி சோவி' ஆல்பத்தில் வந்த பாட்டுகள். 'க்ரூக்கட் ரெயின்' ஆல்பத்தின் 'கட் யுவர் ஹேர்' பாட்டு பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் பத்தாம் இடம் வரை போனதும் புகழைக் கண்டு மிரண்டு வேண்டுமென்றே கலைந்த ஆல்பம் ஒன்றைப் போட்டார்கள் என்பது 'வாவி சோவி' பற்றி எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் கலைந்த பாட்டுகளில் நல்லவை பல, புகழ் வருவதற்கு முன்பே கையில் இருந்தன. கச்சிதமான பன்னிரண்டு பாட்டு முதலில் போகட்டும், கோணல்மாணலான சரக்கு பிறகு வரட்டும் என்று யாரோ உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள்.

முதல் தட்டின் பின்பாதியில் ஆர்.இ.எம். குழுவுக்கு வணக்கம் சொல்லும் 'அன்சீன் பவர் ஆஃப் த பிக்கெட் ஃபென்ஸ்' பாட்டும், அவர்களுடைய 'கேமரா' பாட்டின் மறுவடிவமும் இருக்கின்றன. மொத்தம் நாற்பத்தொன்பது. இசை மட்டும் ஓடுகிற சில துண்டுகளை ஒருமுறைக்கு மேல் கேட்க முடியாது; தாராளமாகத் தாண்டிவிடலாம். 'ரேஞ்ச் லைஃப்' பாட்டில் ஸ்மாஷிங் பம்கின்ஸையும் ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸையும் பெயர் சொல்லிக் கிண்டல் செய்ததும், பம்கின்ஸின் பில்லி கார்கன் அதை மறக்காததும் ஊரறிந்த வம்பு. பாட்டு அந்த வம்பைவிட நல்ல பாட்டு.

சிடியைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வடிவம் இருப்பதால் சில மென்பொருள்கள் இரண்டாவதை 'நகல்' என்று நினைத்து ஒதுக்கிவிடும், அல்லது முதலாவதன் மேலேயே எழுதிவிடும். கோப்புப் பெயரில் தட்டு எண்ணும் பாட்டு எண்ணும் வருமாறு முதலிலேயே அமைத்துவிடுங்கள்.

'வாவி சோவி'யின் 2006 பதிப்பில் ஐம்பது பாட்டு. ஆல்பமே பதினெட்டுப் பாட்டு நீளம். பெரும்பகுதி மெம்பிஸ் ஈஸ்லி ஸ்டுடியோவில் பதிவானது. இதன் மிச்சங்களில் தேறுவது 'பசிபிக் ட்ரிம்' என்ற சிறு தட்டு. டேவிட் பெர்மனின் சில்வர் ஜூஸ் குழுவுக்காக எடுத்துவைத்த ஸ்டுடியோ நேரத்தில் பெர்மன் பாதியில் கிளம்பிவிட, மால்க்மஸும் நஸ்டனோவிச்சும் வெஸ்டும் அந்த நேரத்தை வீணாக்காமல் பதிவு செய்தது. 'கிவ் இட் எ டே' அதில்தான் இருக்கிறது. 1995இன் மூல வினைலைப் பழைய பிரதியாக வாங்குகிறவர்கள் பயந்துவிட வேண்டாம்: இரண்டாவது தட்டின் ஒரு பக்கம் காலியாகத்தான் இருக்கும். மூன்று பக்கம்தான் பாட்டு. அச்சுப் பிழை என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் உங்களுக்கு.

2008இல் வந்த 'பிரைட்டன் த கார்னர்ஸ்' பதிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 1997 ஆல்பம் சுத்தமாகப் பதிவானது, அடக்கமானது. ஒதுக்கியவை பெரும்பாலும் ஒதுக்க வேண்டியவையே. ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு: 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்'. இதே பதிவுகளில் உருவாகி, ஆல்பத்தில் இடம் கிடைக்காமல், 1999இல் ஒரு சிறு தட்டின் மூலையில் போன பாட்டு. இருபது வருடம் கழித்து, ஒரு பாட்டு முடிந்ததும் தானாக இன்னொன்றை ஓடவிடும் ஸ்பாட்டிஃபை வசதி அதை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது, டிக்டாக்கும் சேர்ந்துகொண்டது. இன்று குழுவின் பெயர் தெரியாதவர்களுக்கும் தெரிந்த பாட்டு இது. நான்கு ஆல்பங்களில் ஒதுக்கியவற்றைப் பார்த்தால் இவர்களுடைய கணிப்பு பொதுவாகச் சரியாக இருந்தது. இதில் மட்டும் கோட்டை விட்டார்கள். இந்தப் பாட்டுக்காக இரட்டை சிடி வாங்குவது அதிகம். ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதும்.

கடைசி ஆல்பம் 'டெரர் ட்விலைட்', 1999. தயாரிப்பு நைஜல் காட்ரிச். ரேடியோஹெட் குழுவின் ஜானி க்ரீன்வுட் இரண்டு பாட்டுகளில் ஹார்மோனிகா வாசித்திருக்கிறார். சில பாட்டுகளில் வெஸ்டுக்குப் பதில் டொமினிக் மர்காட் டிரம்ஸ் வாசித்தார். குழுவின் உள்நிலவரம் என்ன என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அதே வருடம் நவம்பர் 20 அன்று பிரிக்ஸ்டன் அகாடமியில் கடைசிக் கச்சேரி. ஒரு குழுவில் இருப்பது எப்படி இருக்கும் என்று காட்ட மால்க்மஸ் மைக் ஸ்டாண்டில் கைவிலங்கைத் தொங்கவிட்டார். பிறகு 2010இலும் 2022இலும் சேர்ந்து வாசித்தார்கள். புது ஆல்பம் மட்டும் போடவில்லை. யங் 2023இல் காலமானார்.

2022இல் வந்த இதன் பதிப்பில் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். காட்ரிச் முதலில் முன்வைத்த பாட்டு வரிசை வேறு. அதில் முதலில் வருவது 'ப்ளாட்ஃபார்ம் ப்ளூஸ்'. குழு ஒத்துக்கொள்ளாமல் 'ஸ்பிட் ஆன் எ ஸ்ட்ரேஞ்சர்' பாட்டை முதலில் வைத்து 1999இல் வெளியிட்டது. நான்கு தட்டு வினைல் பெட்டி காட்ரிச்சின் வரிசையில் வருகிறது. அவருடைய வரிசையில் ஆல்பம் முறுக்கிக்கொண்டு, கரடுமுரடாகத் தொடங்குகிறது. குழுவின் வரிசையில் கதவைத் திறந்து உட்காரச் சொல்கிறது. குழு செய்ததே சரி. பழக்கப்பட்ட ஆல்பம்தான் வேண்டும் என்றால் பின்னட்டையில் முதல் பாட்டின் பெயரைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

இரட்டை சிடிகளைப் பழைய பிரதியாக வாங்கும்போது மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: இரண்டு தட்டும் இருக்கிறதா, தடித்த சிறுநூல் இருக்கிறதா, கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறலைப் பெரும்பாலான பிளேயர்கள் சமாளித்துவிடும். வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் சிறியதாக இருந்தாலும் பாட்டு திக்கும். விற்பவர் 'லேசான கீறல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகமாகும் இடத்தில் இருப்பவர்கள் 2002, 2004 இரண்டையும் ஒரே கடையில் பிடித்தால் மிச்சம். குழு எப்படி என்று மேலோட்டமாகத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு 2010இல் வந்த 'க்வாரன்டைன் த பாஸ்ட்' இருக்கிறது, இருபத்து மூன்று பாட்டு, ஒரே தட்டு. வருட வரிசையைக் கலைத்து அடுக்கியிருப்பதால் யங் எங்கே போனார், வெஸ்ட் எங்கே வந்தார் என்று அதில் பிடிபடாது.